தானே சமைத்துண்ணும் விருந்தினன்

சென்ற பருவத்தின் இறுதியில் ஒருநாள் மாலை எங்கள் விடுதி வாசக அறையில் ஒரு சொற்போர் நிகழ்ந்தது. அவ்வறைச் சுவரில் தொங்கும் நாட்காட்டியிலே இத்தாலிய நாட்டுக் காட்சியொன்று அச்சிடப்பெற்றிருந்தது. ஏறியிறங்கும் குன்றுகள்; அவற்றின்மேல் வரிசையாக நிற்கும் சைப்பிரசு மரங்கள்; நடுவே செவ்வோடு வேய்ந்த கல்வீடு ஒன்று. இத்தகைய உழவர் வீடுகளை வாரக்கணக்கில் வாடகைக்குப் பெற்று, தாமே சமைத்துண்டு விடுமுறை கழிக்கப் பலர் வருகின்றனர் என்று அதனடியில் வரைந்திருந்தனர். அதனைக் கண்ட நண்பரொருவர், "பொருள் செலவிட்டுக் கடல் கடந்து சென்றும் அடுப்பூதுவதோ ஓய்வு? இவர்க்கு நல்ல உணவுச்சாலை ஒன்றும் கிட்டவில்லையா?" என்று நகைத்தார். உழவர் குடியிற் பிறந்த மற்றொரு நண்பர்க்கோ நகை தோன்றவில்லை. "அவ்வீட்டிலிருந்த உழவன் எங்கே சென்றான்? அதனை யாரேனும் அங்கே எழுதியிருக்கின்றனரா?" என்று அவர் வினவினார். விளக்கணைக்கும் மணி அடிக்குமளவும் வழக்கு முடிவுபெறவில்லை. அவ்விருவர்க்கும் விடையாகவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

யான் இத்தாலி சென்றவன் அல்லேன். ஆயினும், வீரமாமுனிவர் வரலாற்றைப் பாடமாகப் பயிலப் புகுந்த நாள்முதல் அவர் பிறந்த நாட்டின் வயல்வெளிகளைப் பற்றிக் கிடைத்தனவெல்லாம் படித்துவருகின்றேன். படித்தவற்றால் யான் கொண்ட கருத்து இது: உழவன் மனையில் தங்கித் தானே சமைத்துண்ணும் விடுமுறை, விடுமுறைகளுள் நேர்மையானது, ஆனால் அவ்வுழவன் அங்கே உழவனாகவே நிலைத்திருக்கும் வரையில்தான் அது நேர்மையானது.

முதற்கண், இவ்வழக்கம் இன்னதென்பதை அறிதல் வேண்டும். இத்தாலியர் இதனை அக்ரிதுரிஸ்மோ என்று வழங்குவர். உழவகத்தில் விருந்தினரைத் தங்கவைத்தல் என்பது அதன் பொருள். 1985-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் இயற்றப்பட்ட 730-ஆம் எண் சட்டம் இதற்கு நாடு முழுமைக்குமான வரம்பை முதன்முதல் வகுத்தது. அதன் இடத்தில் 2006-ஆம் ஆண்டு 96-ஆம் எண் சட்டம் வந்தது. இச்சட்டங்கள் கூறுவனவற்றுள் மூன்று நம் கருத்திற்கு உரியவை. உழவுத் தொழில் செய்வோரே விருந்தினரை ஏற்கலாம் என்பது ஒன்று. நிலத்தில் முன்னரே உள்ள கட்டடங்களை இதற்குப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பது மற்றொன்று. விருந்தேற்றல் உழவோடு தொடர்புடையதாக இருத்தல் வேண்டும், உழவே தலைமைத் தொழிலாக நிற்றல் வேண்டும் என்பது மூன்றாவது. பல மாநிலங்களில், ஆண்டு முழுதும் வயலிற் செலவிடும் உழைப்பு நேரம் விருந்தினர்பொருட்டுச் செலவிடும் நேரத்தினும் மிக்கிருத்தல் வேண்டுமென்று கணக்கிடுகின்றனர். பத்துப்பேர்க்கு மேற்படாத விருந்தினரை ஏற்கும் சிறு குடும்பத்தாரை இக்கணக்கால் வருத்தாது, அவரிடத்து உழவே மிக்கதெனக் கொள்ளல் வேண்டும் என்றும் 2006-ஆம் ஆண்டுச் சட்டம் இரங்கிக் கூறுகின்றது. இன்று இத்தாலியின் இருபது மாநிலங்களிலும் 25,000-க்கு மேற்பட்ட இத்தகைய உழவகங்கள் உள்ளன. அவற்றுள் தஸ்கனி மாநிலத்தில் உள்ளனவே தொகையால் மிக்கவை.

இவற்றுள் சிலவற்றில் மனையாட்டியே உணவளிப்பாள். வேறு பலவற்றில் விருந்தினன் கையில் ஒரு திறவுகோலும், அடுப்பும் கலங்களும் உள்ள சமையலறையொன்றும் ஒப்படைக்கப்படும். அச்சமையலறையிலே மோக்கா என்னும் எண்கோணக் காப்பிக்கலம் ஒன்று இருத்தல் பெரும்பாலும் உறுதி. அது 1933-ஆம் ஆண்டில் தோன்றி வீடுதோறும் புகுந்த கலம். இனி உண்பதற்கு வேண்டியவற்றைத் தேடிக்கொள்வது வந்தவன் பொறுப்பு.

இத்தாலிய நாட்டுப்புறத்தில் இளைப்பாறும் வழக்கம் மிகப் பழையது. இலத்தீன் புலவராகிய ஹொராஸ் உரோம் நகரின் ஆரவாரத்தை வெறுத்து, தமக்கு மைசினாசு என்னும் செல்வர் வழங்கிய சபீனக் குன்றுப் பண்ணையிலே சென்று தங்குவர். இளைய பிளினி, திபேர் ஆற்றின் மேற்பள்ளத்தாக்கிலிருந்த தம் மனையைப் புகழ்ந்து விரிவாகக் கடிதம் எழுதினர். 1348-ஆம் ஆண்டில் பிளாரன்சு நகரைக் கொள்ளைநோய் வாட்டியபோது, மகளிர் எழுவரும் ஆடவர் மூவரும் நகர்ப்புறக் குன்றின் மனையொன்றை அடைந்து பத்துநாட் கதைகூறிக் கழித்ததாகப் பொக்காச்சியோ தம் நூலை அமைத்தனர்.

ஆனால் இவ்வோய்வுகளின் அடியில் இருந்த கைகள் யாருடையவை? ஹொராசின் சிறு பண்ணையில் அடிமைகள் எண்மர் உழைத்தனர். குடியானவர் குடும்பங்கள் ஐந்து நிலத்தைப் பயிரிட்டன. பொக்காச்சியோவின் பதின்மரோடு பணியாளரும் சென்றனர். சமைத்தவரும் படுக்கை விரித்தவரும் அவரே. ஒருவன் இளைப்பாறுதற்கு வேறொருவன் இளைத்தான். இதனை எண்ணிப் பார்ப்பின், பணியாளின்றித் தன் அரிசியைத் தானே களைந்து தன் கலத்தைத் தானே கழுவும் இக்காலத்து விருந்தினன் நகைத்தற்குரியவன் அல்லன் என்பது விளங்கும். முதல் நண்பர்க்கு யான் கூறும் விடையின் ஒரு பகுதி இது.

மற்றொரு பகுதியும் உண்டு. உணவுச்சாலையில் உண்பவன் ஊரை அறியான். சமைப்பவன் அறிந்தே தீர்தல் வேண்டும். காய்கறி வாங்கச் செல்பவன், சந்தை கூடும் கிழமை எது என்று கேட்டறிதல் வேண்டும். நண்பகலுக்குப் பின் சிற்றூர்க் கடைகள் பல மணி நேரம் அடைத்துக் கிடக்கும் என்பதைப் பசித்துக் கற்றல் வேண்டும். சந்தைக் கடையில் பழங்களைத் தன் கையால் தொட்டு அழுத்திப் பார்த்தல் முறையன்று. இன்றைக்கோ நாளைக்கோ என்று விற்பவள் வினவி, அதற்கேற்பத் தானே தெரிந்து தருவாள் என்பதை உணர்தல் வேண்டும். ஆகத்து 15-ஆம் நாள் வந்தவனோ, நாடே கதவடைத்திருக்கக் காண்பான். அந்நாள் பெர்ரகோஸ்தோ என்னும் பெருவிடுமுறை. அது கி.மு. 18-இல் அகஸ்து பேரரசர் ஏற்படுத்திய ஓய்வு நாட்களின் பெயரை இன்னும் தாங்கி நிற்கின்றது. கத்தோலிக்கர் அதே நாளை மரியன்னை விண்ணேற்புத் திருநாளாகக் கொண்டாடுகின்றனர்.

தஸ்கனி நாட்டு அப்பத்தில் உப்பில்லை. வந்த முதல்நாள் அதனைக் குறை கூறுவோன், உப்புமிக்க பாற்கட்டியோடும் பதனிட்ட இறைச்சியோடும் அதனை உண்டபின் காரணம் உணர்வான். அவ்வப்பம் இரண்டு நாளிற் கல்லாகிவிடும். அந்நாட்டு ஏழை மனைவியர் அதனை எறிந்தாரல்லர். வெள்ளவரையும் கருங்கோசுக் கீரையும் வெந்த சாற்றில் அதனை இட்டு, மறுநாளும் சுடவைத்து உண்டனர். மறுபடி கொதித்தது என்னும் பொருள்பட அதற்கு ரிபொல்லீத்தா என்று பெயர். வேனிலிலோ நீரில் நனைத்துப் பிழிந்து, தக்காளி, வெங்காயம், புளிக்காடி, ஒலிவ எண்ணெய் கலந்து உண்டனர், அது பன்சனெல்லா. இவ்வுணவுகளை இன்று பெருநகர் உணவுச்சாலைகள் உயர்விலைக்கு விற்கின்றன. உழவன் வீட்டுச் சமையலறையில் பழைய அப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் செய்வதென்று நிற்பவனுக்கே இவை தோன்றிய காரணம் தெளிவாகும்.

ஆயினும், இவ்விடத்தே ஒன்றை மறைத்தல் கூடாது. குடும்பமாகச் செல்லுமிடத்து அடுப்படியில் நிற்பவர் யார்? ஆடவரும் சிறுவரும் கொடிமுந்திரித் தோட்டத்தில் உலவ, ஆண்டு முழுதும் சமைத்த தாய் அங்கும் சமைப்பாளாயின், அவளுக்கு அது விடுமுறையன்று. அடுப்பு இடம் மாறிற்று, அவ்வளவே. தானே சமைத்துண்ணல் என்னும் சொற்றொடரில் "தான்" என்றது இன்னாரை என்று வீட்டைவிட்டுப் புறப்படுமுன்னரே வரையறுத்துக்கொள்ளல் நன்று. ஆண்மக்கள் முறைவைத்துச் சமைக்கும் வீட்டார்க்கே இவ்வோய்வை யான் பரிந்துரைப்பேன். எம் விடுதி நண்பர் பலர்க்கு முட்டை அவித்தலும் அரிய கலையாதலின் இதனை வற்புறுத்த வேண்டியதாயிற்று.

நிற்க. இனி, இரண்டாம் நண்பரின் வினாவுக்கு வருவோம். அது முன்னதைப் போல் எளிதில் விடுவிக்கத் தக்கதன்று.

நாட்காட்டியிற் கண்ட அவ்வீட்டில் இருந்தவன் மெத்சாத்ரோ எனப்பட்ட வாரக்குடி. தஸ்கனி, உம்பிரியா, மார்க்கே, எமிலியா முதலிய நாடுகளில் பன்னூறாண்டுகள் நிலவிய உழவுமுறை அது. நிலமும் வீடும் உடையவனுடையவை, உழைப்புக் குடியானவனுடையது, விளைவில் ஆளுக்குப் பாதி. அப்பெயரும் பாதி என்னும் சொல்லின் அடியாகப் பிறந்ததே. ஒரு வீட்டில் பெற்றோர், மக்கள், மருமக்கள், பேரர் என ஒரு பெருங்குடும்பமே வாழும். ஆண்களுள் மூத்தவன் உழவுக்குத் தலைவன். மூத்த மனைத்தலைவி அடுப்பிற்கும் கோழிக்கும் தலைவி. கணக்கு நிலக்கிழாரின் காரியக்காரனிடத்து இருக்கும். பாதிக்கு மேலும் முட்டைகளும் சேவல்களும் காணிக்கையாகச் செல்லும். நிலக்கிழார் விரும்பாவிடின் குடும்பம் முழுதும் வண்டியேறி வேறு பண்ணை தேடுதல் வேண்டும்.

அவ்வீட்டின் அமைப்பே அவ்வாழ்க்கையை உரைக்கும். கீழே மாட்டுத் தொழுவம். மேலே மாந்தர் உறையும் அறைகள். குளிர்காலத்தில் மாடுகளின் வெப்பம் மேலெழுந்து மாந்தர்க்குப் பயன்படும். புறத்தே கற்படி, நடுவே பெரிய அடுப்பங்கரை, சில வீடுகளின் உச்சியில் புறாக்கூடு. தஸ்கனியின் பெருங்கோமகனாகிய பியெத்ரோ லியோபோல்தோ 1765 முதல் 1790 வரை ஆண்ட காலத்தே, உழவர் நல்ல வீடுகளில் வாழ்தல் வேண்டுமென்று ஊக்கினமையால், கியானா பள்ளத்தாக்கில் எழுந்த அழகிய வீடுகள் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றன. சைப்பிரசு வரிசையும் கொடிமுந்திரி நிரையும் குன்றின் மடிப்புக்களும் தாமே அமைந்தனவல்ல; உழுத கைகள் அமைத்தவை. சியேனா நகர மன்றத்தில் 1338, 1339-ஆம் ஆண்டுகளில் அம்புரோசியோ லொரென்செத்தி தீட்டிய சுவரோவியத்தில், நல்லாட்சியின் பயன் இன்னதெனக் காட்ட அவர் நகரை மட்டும் எழுதவில்லை. நகர வாயிலுக்கு வெளியே உழுவாரும் அறுப்பாரும் நிறைந்த இக்குன்றுகளையும் எழுதினார். சியேனாவுக்குத் தெற்கேயுள்ள ஓர்ச்சா பள்ளத்தாக்கை ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனம் 2004-ஆம் ஆண்டில் உலக மரபுச் செல்வமாகச் சேர்த்ததற்கும் இதுவே காரணம்.

இவ்வளவு அழகிய வீட்டை உழவன் ஏன் விட்டுச் சென்றான்? வறுமையாலும் அவமானத்தாலும் என்க. இரண்டாம் உலகப்போரின்பின் எழுந்த கிளர்ச்சியால் குடியானவன் பங்கு நூற்றுக்கு 53 ஆக உயர்ந்தது. 1964-ஆம் ஆண்டுச் சட்டம் புதிய வார ஒப்பந்தங்களைத் தடுத்தது. 1982-ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியவற்றைக் குத்தகையாக மாற்ற வழிசெய்தது. ஆனால் சட்டம் வருமுன்னரே இளைஞர் பிராத்தோவின் நெசவாலைகளுக்கும் மிலான், துரின் நகரத்துத் தொழிற்சாலைகளுக்கும் போய்விட்டனர். நகரப் பெண்கள் மின்விளக்கும் குழாய்நீரும் உள்ள வீடுகளில் வாழ, நாட்டுப்புறப் பெண் மட்டும் தொழுவத்தின்மேல் ஏன் வாழ்தல் வேண்டும்? அவர் சென்றது பிழையன்று. கதவுகள் மூடின, கூரைகள் சரிந்தன, பின்னர் வெளிநாட்டாரும் நகரத்தாரும் அவற்றைக் குறைந்த விலைக்கு வாங்கினர். அன்று உழவன் வாரத்துக்கு உழுத வீடு, இன்று வாரத்துக்கு வாடகை பெறுகின்றது. மாடு நின்ற இடத்தில் விருந்தினன் தக்காளி அரிகின்றான்.

வட இத்தாலியில் பெர்கமோ நாட்டு வாரக்குடிகளின் வாழ்வை எர்மன்னோ ஓல்மி என்பார் திரைப்படமாக எடுத்தனர்; மரக்காலணிகளின் மரம் என்பது அதன் பெயர்; 1978-இல் கான் நகர விழாவின் தலைமைப் பரிசைப் பெற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நிகழ்வதாக அமைந்த கதை. நெடுந்தொலைவு நடந்து பள்ளி செல்லும் சிறுவனொருவனின் மரக்காலணி உடைகின்றது. புதியது செய்ய அவன் தந்தை நிலக்கிழாரின் மரமொன்றை இரவில் வெட்டுகின்றான். அக்குற்றத்திற்காகக் குடும்பம் முழுதும் வெளியேற்றப்படுகின்றது. பள்ளிக்கூடத்தின் பொருட்டு வீடிழந்த அவ்வுழவனை எண்ணும்போது, மாணவராகிய நமக்கு அப்பழைய வீட்டுமுற்றம் வெறுங் காட்சிப்பொருளாகத் தோன்றுமோ?

ஆகவே, இரண்டாம் நண்பரின் ஐயத்தை யான் பாதி ஒப்புக்கொள்கின்றேன். வீட்டை வாங்கியவன் வேற்றூரில் இருந்து வேனிலில் மட்டும் வாடகை பெறுவானாயின், ஊர்க்கு நேர்வது யாது? வீட்டின் விலை ஏறும். ஊரிற் பிறந்த இளைஞனுக்கு வீடு கிட்டாது. குளிர்காலத்தில் பலகணிகள் இருண்டிருக்கும். பிள்ளைகள் குறையப் பள்ளி மூடும். பள்ளி மூடியபின் அப்பக்கடையும் மூடும். மழை குறைந்த கோடையிலும் விருந்தினன் நீராடு குளத்தில் நீர் நிறைந்திருக்கும். அயல் வயல் வறண்டிருக்கும். வேர்ஜில் தம் முல்லைப்பாடல்களின் தொடக்கத்தே, போர்வீரர்க்குப் பங்கிடுதற்காக நிலம் பறிக்கப்பட்ட உழவனையும், நிலம் தப்பிய உழவனையும் எதிரெதிர் நிறுத்திப் பேசவைத்தார். ஈராயிரம் ஆண்டின்பின் அதே நாட்டில் படைவலிக்குப் பதிலாகப் பணவலி நிலத்தைப் பறிக்குமாயின் வேறுபாடு யாது?

மற்றப் பாதியை யான் ஒப்பேன். என்னை? உழவன் வெளியேறியதற்குக் காரணம் விருந்தினன் அல்லன். விருந்தினன் வருமுன்னரே வீடு பாழாயிற்று. உழவன் எஞ்சியிருந்த இடங்களிலோ, அவனை நிலைநிறுத்தியவற்றுள் விருந்தினன் பணமும் ஒன்று. இதற்குச் சான்று வடக்கே ஆல்ப்சு மலைச்சாரலில் உள்ள ஆல்ட்டோ ஆதிஜே. ஜெர்மன் மொழி பேசுவோர் மிக்க அந்நாட்டில் மூடிய பண்ணை என்னும் பழைய உரிமைமுறை உண்டு. பண்ணையைத் துண்டாக்காமல் மக்களுள் ஒருவனுக்கோ ஒருத்திக்கோ முழுதாக அளிப்பர். ஏனையோர் ஈடு பெறுவர். செங்குத்தான சரிவிற் புல்லறுத்துச் சில பசுக்களை வளர்த்து ஒரு குடும்பம் வாழ்தல் அரிது. மாடியில் இரண்டு மூன்று பகுதிகளை அடுப்போடு அமைத்து விருந்தினர்க்கு விடுதலால் அக்குடும்பம் மலையைவிட்டு இறங்காமல் இருக்கின்றது. விடியலில் பால்கறக்கும் ஓசை கேட்டு விருந்தினன் எழுகின்றான். பால் கறப்பவரே வீட்டுக்கும் உடையவர். தொகையில் தஸ்கனிக்கு அடுத்த நிலையில் இம்மலைநாட்டு உழவகங்கள் நிற்கின்றன.

தெற்கே பூலியாவின் நிலை வேறு. கடற்கொள்ளையர்க்கு அஞ்சிக் கோட்டைபோற் கட்டிய மஸ்ஸேரியா என்னும் பண்ணை மனைகளும், சாந்தின்றிக் கல்லடுக்கிக் கூம்புக் கூரை வேய்ந்த துருல்லோ வீடுகளும் அங்கே விருந்தினர்க்கு விடப்படுகின்றன. அம்மாநிலத்தின் தென்முனையாகிய சலெந்தோவில் 2013-ஆம் ஆண்டு சைலெல்லா என்னும் நுண்ணுயிரால் ஒலிவ மரங்கள் நோயுற்றமை கண்டறியப்பட்டது. சாறுறிஞ்சும் பூச்சியால் பரவிய அந்நோய் கோடிக்கணக்கில் எண்ணத்தக்க அத்தோப்புக்களிற் புகுந்து, நூற்றாண்டு கண்ட மரங்களையும் உலர்த்திற்று. மரம் பட்டபின் வாடகை வருவாய் சில குடும்பங்களுக்கு ஊன்றுகோலாயிருக்கும் என்பது உண்மையே. ஆனால் ஒலிவ நிழலை நாடி வந்த விருந்தினன், பட்ட மரங்களிடையே எத்தனை ஆண்டு வருவான்? வயலைத் தாங்க விருந்து உதவும். வயல் போனபின் விருந்தும் நில்லாது. உழவே தலைமையாக நிற்றல் வேண்டும் என்று சட்டம் கூறியது இக்காரணத்தால் நுண்ணறிவின்பாற்பட்டது. அதனைத் தளர்த்த வேண்டுமென்போர் உழவர்க்கு நன்மை செய்வாரல்லர்.

இன்னுமொன்று. வாடகை கொடுத்துத் தங்குபவன் விருந்தினன் ஆவானோ என்று சிலர் வினவலாம். விருந்து என்னும் தமிழ்ச் சொல்லுக்குப் புதுமை என்பதே முதற்பொருள். புதிதாய் வந்தவனே விருந்து. பணம் கொடாமல் வந்த புதியவரையும் அவ்வீடுகள் கண்டுள்ளன. 1943-ஆம் ஆண்டு செப்தம்பரில் இத்தாலி போரினின்று விலகியபோது, சிறைமுகாம்களிலிருந்து தப்பிய நேசநாட்டு வீரர் ஆயிரக்கணக்கில் மலைகளில் அலைந்தனர். இந்திய வீரரும் அவருள் இருந்தனர். அவர்க்கு உணவும் வைக்கோற் படுக்கையும் அளித்தவர் பெரும்பாலும் ஏழைக் குடியானவரே. அளித்தமை தெரியின் செர்மானியர் கையில் உயிர் போகும். ஓர்ச்சா பள்ளத்தாக்கில் லா போச்சே என்னும் பண்ணையின் தலைவியாகிய ஐரிசு ஒரிகோ, அந்நாட்களில் தாம் கண்டவற்றை நாட்குறிப்பாக எழுதி 1947-இல் வெளியிட்டனர். 1944-ஆம் ஆண்டு சூன் திங்களில், அடைக்கலமாக வந்த குழந்தைகளை நடத்திக்கொண்டு அவர் குண்டுகளிடையே மோந்தேபுல்சியானோ நகரை அடைந்தனர். அப்பண்ணையின் மனைகளில் இன்று விடுமுறை விருந்தினர் தங்குகின்றனர். அங்கே நாற்காலியிட்டு வெயில் காய்பவன், அவ்வழியே நடந்த குழந்தைகளை ஒருகால் எண்ணுவானாயின் அவன் கொடுத்த வாடகை வீணாகாது.

இவ்வாற்றால், அத்தகைய விடுமுறையை நாடுவோர் தம்மைத் தாமே வினவிக்கொள்ள வேண்டியவை மூன்று என்று கருதுகின்றேன். வீட்டுக்குரியவர் அந்நிலத்தில் வாழ்கின்றனரா? நிலம் உழப்படுகின்றதா, அன்றிப் படம் பிடித்தற்காகப் புல்வெட்டி வைக்கப்பட்டுளதா? நம் கூடையிலுள்ளவை அவ்வூர்ச் சந்தையிலும் அவ்வீட்டு எண்ணெய்ச் சாலையிலும் வாங்கியவையா, நெடுஞ்சாலைப் பேரங்காடியில் வாங்கி வண்டியில் ஏற்றிவந்தவையா? மூன்றற்கும் நல்விடை கிடைக்குமாயின் ஐயமின்றிச் செல்க. கூட்டம் மிக்க ஆகத்துத் திங்களைவிடக் கொடிமுந்திரி கொய்யும் செப்தம்பரிலோ, ஒலிவம் பிழியும் நவம்பரிலோ செல்வது இன்னும் நன்று. புதிய எண்ணெயைச் சுட்ட அப்பத்தில் ஊற்றி உண்ணும் நாட்களில், விருந்தினனும் ஏணி பிடிக்கலாம்.

ஐயாயிரம் மக்களுக்கு மேற்படாத சிற்றூர்களைக் காக்க இத்தாலியர் 2017-ஆம் ஆண்டில் தனிச்சட்டம் இயற்றினர். சட்டத்தால் ஊர் வாழாது. ஊரில் இருப்பாரால் வாழும். விருந்தினன் இருப்பவர்க்குத் துணையாகலாம். இருப்பவர்க்கு மாற்றாகல் ஆகாது.

வீரமாமுனிவரைப் பற்றி ஒரு சொற் கூறி முடிப்பேன். அவர் 1680-ஆம் ஆண்டில் பிறந்த காஸ்தில்யோனே தெல்லே ஸ்திவியேரே என்னும் ஊர், கார்தா ஏரிக்குத் தெற்கே, மாந்துவாவைச் சார்ந்த குன்றுநாட்டில் உள்ளது. வேர்ஜில் பிறந்ததும் மாந்துவாவின் பக்கத்தே. அக்குன்றுகளிலும் இன்று உழவர் மனைகள் விருந்தினரை ஏற்கின்றன. அந்நாட்டிலிருந்து நம் நாட்டிற்கு விருந்தாக வந்த அவர், நம் வீட்டுத் திண்ணையில் இருந்து காட்சி கண்டு மீண்டாரல்லர். நம் சொற்களைத் தொகுத்துச் சதுரகராதி செய்தார். நம் மொழியிலேயே காவியம் பாடினார். வீட்டார் எல்லாரும் எங்களவர் என்று கூறுமளவும் நம்மோடு இருந்தார். வாரவிருந்தினன் அத்துணைச் செய்ய இயலாது. ஆயினும் சந்தையிற் பேச இருபது சொற்களையேனும் கற்றுச் செல்லலாமன்றோ?

அவற்றுள் ஒரு சொல்லை முதலிற் கற்க. இத்தாலியர் பிறர் வீட்டு வாயிலைக் கடக்குங்கால் பெர்மெஸ்ஸோ என்று சொல்லியே அடிவைப்பர். உள்ளே வரலாமா என்பது அதன் கருத்து. அழைக்கப்பட்டு வந்தவரும், கதவு திறந்திருக்கக் கண்டவரும் அதனைச் சொல்வர். வாடகை முழுதும் கொடுத்துத் திறவுகோலைக் கையிற் பெற்றவனும், யாருமில்லாத அப்பழைய தொழுவத்தின் வாயிலில் நின்று அச்சொல்லை ஒருமுறை சொல்லி நுழைதல் தகும்.

என் இரண்டாம் நண்பர்க்கு இக்கட்டுரையைப் படித்துக் காட்டினேன். அவர் தந்தையார் நிலத்தைச் சென்ற ஆண்டு மனைகளாக அளந்து கல் நாட்டியதை யான் அப்பொழுதுதான் அறிந்தேன். அவர் சிறிதுநேரம் வாளாவிருந்து, "அங்கேயாவது உழவே முதல் என்று சட்டத்தில் எழுதிவைத்திருக்கின்றனரே" என்றார். நாட்காட்டியின் அத்தாள் கிழிந்து வேறு திங்கள் வந்துவிட்டது. அவர் கேட்ட கேள்வி மட்டும் என்னோடு இருக்கின்றது.